பழைய ட்ரக்கில் புது கார்புரேட்டர், புது டிஸ்ட்ரிப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பெட்ரோல் ட்ரக்கை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கார்புரேட்டரையும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது) டிஸ்ட்ரிப்யூட்டரையும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் மின்பொறியை அனுப்புவது) மாற்றிய கையோடு கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கீழே உள்ள அளவுகள் பழைய எஞ்சின்களுக்குப் பொதுவானவை. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் புத்தகத்தையே பின்பற்றுங்கள்.

ரெண்டுமே புதுசு மாட்டியாச்சு. எதை முதல்ல சரிபண்ணணும்?

டிஸ்ட்ரிப்யூட்டரைத்தான். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, எஞ்சின் உள்ளே இழுக்கும் வேக்குவத்தை (உறிஞ்சு விசையை) நம்பித்தான் கார்புரேட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. அந்த வேக்குவம் டைமிங்கைப் (பொறி அடிக்கும் நேரத்தைப்) பொறுத்து ஏறி இறங்கும். டைமிங் சரியில்லாதபோது, ஐட்லிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையை வைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தால், தப்பான வேக்குவத்துக்கு ஏற்றபடி கார்புரேட்டரை வைத்துவிடுவீர்கள். அப்புறம் டைமிங்கைத் தொட்டதும் எல்லாம் கலைந்துவிடும்.

வரிசை இதுதான்: வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், பாயின்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்; அது திறக்கும்போதுதான் பொறி அடிக்கும்), டைமிங், ஐட்லிங் வேகம், கடைசியாக மிக்சர். மிக்சர் வைத்த பிறகு ஐட்லிங் வேகம் கொஞ்சம் மாறும். அதைத் திரும்பச் சரிசெய்துவிட்டு டைமிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் வண்டி நன்றாக ஓடினாலும் காரணம் தெரியாது, கெட்டாலும் தெரியாது.

என்னென்ன கருவி கையில இருக்கணும்?

டைமிங் லைட், ஃபீலர் கேஜ், வேக்குவம் கேஜ், ஆர்.பி.எம். மீட்டர். பாயின்ட் டிஸ்ட்ரிப்யூட்டர் என்றால் ட்வெல் மீட்டரும் வேண்டும். இவற்றில் வேக்குவம் கேஜைத்தான் பலர் வாங்காமல் விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். பெட்ரோல் தீயை அணைக்கும் கருவி ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பழைய டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எதைக் குறிச்சு வச்சுக்கணும்?

மூன்று விஷயம். ரோட்டார் (உள்ளே சுற்றி ஒவ்வொரு வயருக்கும் பொறியைக் கொடுக்கும் கை) எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை டிஸ்ட்ரிப்யூட்டர் உடலின் விளிம்பில் கோடு போடுங்கள். அந்த உடல் எஞ்சின் பிளாக்குக்கு எந்த நேரில் நிற்கிறது என்று இன்னொரு கோடு. கேப்பில் எந்த வயர் எந்த சிலிண்டருக்குப் போகிறது என்று ஒவ்வொரு வயரிலும் ஒட்டுத்துண்டு. கழற்றிய பிறகு புதியதை மாட்டும்வரை எஞ்சினைச் சுற்றவே கூடாது.

குறி எதுவும் போடாம கழட்டிட்டேன், எஞ்சினையும் சுத்திட்டேன். இப்ப என்ன பண்றது?

பயப்பட வேண்டாம், முதலிலிருந்து வைத்துவிடலாம். 1-ஆம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதுதான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அங்கிருந்து புல்லியில் உள்ள குறி 0-வுக்கு வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். இப்போது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது.

டிஸ்ட்ரிப்யூட்டரை இறக்கும்போது ரோட்டார் 1-ஆம் வயரின் முனையைப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் அடியில் உள்ள கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதனால் இறங்க இறங்க ரோட்டார் கொஞ்சம் திரும்பும். அந்தத் திருப்பத்தை மனதில் வைத்து, அதற்கு முந்தைய இடத்தில் ரோட்டாரைப் பிடித்து இறக்குங்கள். இரண்டொரு முறை தூக்கி இறக்க வேண்டியிருக்கும், அது வழக்கம்தான்.

முழுவதும் உட்காராமல் கொஞ்சம் தூக்கியபடி நின்றால், ஆயில் பம்ப் ஷாஃப்ட்டின் முனை பொருந்தவில்லை என்று அர்த்தம். கிளாம்ப்பை முடுக்கி அதை இழுத்து இறக்கப் பார்க்காதீர்கள், ஏதாவது உடையும். டிஸ்ட்ரிப்யூட்டரை வெளியே எடுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் ஆயில் பம்ப் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டுத் திரும்ப இறக்கினால் 'டொக்'கென்று உட்காரும்.

செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகல, கார்புரேட்டர் வழியா 'டப்'புனு தீ அடிக்குது. ஏன்?

முதல் சந்தேகம், டிஸ்ட்ரிப்யூட்டர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிப்யூட்டர் ஒரு சுற்று சுற்றும். எனவே புல்லியின் குறி 0-வுக்கு வரும் நேரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் கம்ப்ரஷன். மற்றது எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் வால்வு திறக்கும் நேரம். அப்போது பொறி அடித்தால் தீ நேராக கார்புரேட்டருக்கு ஏறும். விரலை வைத்துப் பார்க்கும் முந்தைய பதிலின் சோதனை இதற்காகத்தான்.

இரண்டாவது சந்தேகம், வயர் மாறியிருப்பது. பொறி அடிக்கும் வரிசை, நேராக நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1-5-3-6-2-4. நான்கு சிலிண்டரில் அதிகம் காணப்படுவது 1-3-4-2. வி-8 எஞ்சின்களில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செவர்லே ஸ்மால் பிளாக்கில் 1-8-4-3-6-5-7-2, ரோட்டார் கடிகார முள் திசையில் சுற்றும். பழைய ஃபோர்டு 302-இல் 1-5-4-2-6-3-7-8, ரோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சிலிண்டர்களுக்கு எண் போடும் முறையும் வேறு. இருக்கையிலிருந்து முன்னால் பார்த்தால் செவர்லேயில் இடது வரிசை 1, 3, 5, 7. ஃபோர்டில் வலது வரிசை 1, 2, 3, 4. ஒரு கம்பெனிப் பழக்கத்தில் இன்னொரு கம்பெனி எஞ்சினுக்கு வயர் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தீ அடிக்கிற கார்புரேட்டருக்குள் முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள். ஸ்டார்ட் பண்ணும்போது ஏர் கிளீனரை மாட்டியே வையுங்கள்.

பாயின்ட் இடைவெளி எவ்வளவு வைக்கணும்? ட்வெல்னு ஒன்னு சொல்றாங்களே, அது என்ன?

பல எஞ்சின்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். புதுப் பாயின்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். ட்வெல் என்பது பாயின்ட் மூடியிருக்கும் நேரத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்ற கணக்கு. அந்த நேரத்தில்தான், பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலில் மின்சாரம் நிறைகிறது. எட்டு சிலிண்டருக்கு 30 டிகிரி அளவு, ஆறு சிலிண்டருக்கு 35-ஐ ஒட்டி, நான்கு சிலிண்டருக்கு இன்னும் அதிகம்.

இடைவெளி கூடினால் ட்வெல் குறையும், பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும் (பொறி முன்கூட்டியே அடிக்கும்). இடைவெளி குறைந்தால் நேர்மாறு, டைமிங் ரிடார்ட் ஆகும் (பொறி தாமதமாகும்). பாயின்ட்டைத் தொட்டால் டைமிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் டைமிங்கை மாற்றினால் ட்வெல் மாறாது.

ஓடிய பாயின்ட்டை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சின்னக் குழி விழுந்து, எதிர்ப்பக்கம் மேடு கட்டியிருக்கும். ஃபீலர் கேஜ் அந்த மேட்டின் உச்சியில் தட்டி நின்றுவிடும். கேஜ் 0.4 என்று காட்டினாலும் உண்மை இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். ஓடிய பாயின்ட்டுக்கு ட்வெல் மீட்டரை மட்டும் நம்புங்கள். கேமில் உரசும் பகுதிக்கு மிகக் கொஞ்சமாக கிரீஸ் வையுங்கள். அது இல்லாமல் தேய்ந்தால் இடைவெளி குறைந்துகொண்டே வந்து டைமிங் ரிடார்ட் ஆகிவிடும்.

எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாறிட்டேன். பழைய வயரையே குடுக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. பாயின்ட் எரிந்துபோகாமல் இருக்க, பழைய வண்டிகளில் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை பேலஸ்ட் ரெசிஸ்டர் அல்லது ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியின் எச்.இ.ஐ. என்ற எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர் போன்றவற்றுக்கு முழு பேட்டரி வோல்ட்டேஜ் வேண்டும். குறைந்த வோல்ட்டேஜில் அது ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் இருக்கும், லோடில் மிஸ்ஸிங் (இடையிடையே பொறி தவறுவது) வரும். ஆட்கள் உடனே கார்புரேட்டரைச் சந்தேகப்படுவார்கள்.

எஞ்சின் ஓடும்போது டிஸ்ட்ரிப்யூட்டர் முனையில் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதற்கு நெருக்கமாகக் காட்ட வேண்டும். 9, 10 என்று காட்டினால் பழைய வயர்தான் காரணம். பேலஸ்ட் இருக்கட்டும் என்று சொல்லும் சில கிட்களும் உண்டு, கூட வரும் தாளைப் படித்துவிடுங்கள். பாயின்ட் சிஸ்டத்தில் பிளக் இடைவெளி 0.9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எச்.இ.ஐ. போன்ற பலமான பொறிக்கு 1.1 வரை வைக்கலாம்.

டைமிங் லைட் இல்லாம காதால கேட்டே வைக்கக் கூடாதா? பழைய மெக்கானிக்கெல்லாம் அப்படித்தானே வச்சாங்க?

ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு வைக்கலாம். பாயின்ட் டிஸ்ட்ரிப்யூட்டரில் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும் முனைக்கும் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து, புல்லி குறியைத் தேவையான டிகிரியில் நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டரை மெதுவாகத் திருப்புங்கள். லேம்ப் எரியத் தொடங்கும் இடத்தில் பாயின்ட் திறக்கிறது. அங்கே முடுக்கிவிடலாம்.

காது மட்டும் போதாது. ஐட்லிங்கில் டைமிங்கை அட்வான்ஸ் செய்யச் செய்ய எஞ்சின் சத்தம் இனிமையாகிக்கொண்டே போகும். அந்த இனிமைக்கு மயங்கி முடுக்கினால், வேகம் எடுக்கும்போது மொத்த அட்வான்ஸ் எல்லை தாண்டிவிடும். அதன் அடி பிஸ்டனில்தான் விழும். காதில் நல்ல அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்து, மேடு ஏற்றிப் பார்த்து, குறைத்துக்கொள்வார்கள். அந்தப் பாதி வேலையை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பின்பற்றுவதில்தான் ஆபத்து.

டைமிங் லைட்ல பார்க்கிற முறையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். புல்லி குறியைத் துடைத்து சாக்பீஸ் தடவிக்கொள்ளுங்கள். லைட்டின் கிளிப்பை 1-ஆம் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், வேகம் ஏற ஏற டைமிங்கை அட்வான்ஸ் செய்யும் எடைகள் வேலை செய்யத் தொடங்காத அளவுக்கு ஐட்லிங் குறைவாக இருக்க வேண்டும். கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். பல பழைய எஞ்சின்களில் உச்சிக்கு முன் 6 முதல் 12 டிகிரிக்குள் வரும். முடுக்கிய பிறகு இன்னொரு தடவை லைட் அடித்துப் பாருங்கள், முடுக்கும்போது உடல் நகர்வது உண்டு.

அதோடு நிறுத்தாதீர்கள். ஹோஸ் அடைத்த நிலையிலேயே 3000 ஆர்.பி.எம். வரை ஏற்றி மொத்த அட்வான்ஸைப் பாருங்கள். பழைய வி-8 எஞ்சின்களில் 32 முதல் 36 டிகிரி வழக்கம். புது டிஸ்ட்ரிப்யூட்டரின் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐட்லிங்கில் 10 டிகிரி சரியாக இருந்தும் மேலே 40-ஐத் தாண்டலாம்.

இரண்டு எச்சரிக்கை. லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃபேன் நின்றுவிட்ட மாதிரி தெரியும். கை, சட்டைக் கை, லைட்டின் வயர் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. இன்னொன்று, சில எஞ்சின்களில் புல்லிக்குப் பின்னால் உள்ள டாம்பரின் (அதிர்வைக் குறைக்கும் சக்கரத்தின்) வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். ரப்பர் வயதாகி வளையம் நழுவினால் குறியே பொய் சொல்லும். டைமிங் சரியாகக் காட்டியும் வண்டி இழுக்கவில்லை என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது குறி 0-வில் நிற்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்ட்ரிப்யூட்டர் வேக்குவம் ஹோஸை கார்புரேட்டர்ல எந்த முனையில குடுக்கணும்? ரெண்டு மூணு முனை இருக்கு.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தட்டுக்கு மேலே உள்ள முனையில் ஐட்லிங்கின்போது வேக்குவம் இருக்காது, மிதித்தால்தான் வரும். தட்டுக்குக் கீழே உள்ளதில் ஐட்லிங்கிலேயே முழு வேக்குவம் இருக்கும். விரலை வைத்தாலே தெரிந்துவிடும். உங்கள் எஞ்சினை எதற்கு அமைத்தார்களோ அதில் கொடுங்கள். மீதமுள்ள முனைகளுக்கு ரப்பர் மூடி போட மறக்க வேண்டாம். கீழ் முனையில் கொடுத்தால் ஐட்லிங் வேகம் ஏறும், அதைத் திரும்பக் குறைக்க வேண்டும்.

டைமிங் முடிஞ்சுது. மிக்சர் ஸ்க்ரூ எத்தனை ரவுண்டு திறக்கணும்?

விரலால் மெதுவாக அடிவரை மூடி, அங்கிருந்து ஒன்றரை ரவுண்டு திறப்பது நல்ல ஆரம்பம். இறுக்கி மூடாதீர்கள். ஊசி முனையில் வளையமாகத் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு எந்த இடத்திலும் சரியாக நிற்காது.

எஞ்சின் சூடாகி, சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தட்டு) முழுவதும் திறந்த பிறகு, மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாயில்) வேக்குவம் கேஜை மாட்டுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கால் ரவுண்டு திருப்பி, ஊசி அடங்கும்வரை சில நொடி பொறுத்துப் பாருங்கள். ஊசி எங்கே அதிகம் ஏறி ஆடாமல் நிற்கிறதோ அதுதான் இடம். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் திறந்திருக்க வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். பெரும்பாலான கார்புரேட்டர்களில் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். சிலவற்றில் அது காற்று ஸ்க்ரூவாக இருக்கும், அங்கே உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும்.

மிக்சர் ஸ்க்ரூவை முழுசா மூடினாலும் எஞ்சின் நிக்க மாட்டேங்குது. ஸ்க்ரூ வேலையே செய்யல.

இது மிக நல்ல கேள்வி, பலர் கார்புரேட்டரையே பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடும் இடமும் இதுதான். த்ராட்டில் தட்டை ஒட்டி, கார்புரேட்டர் சுவரில் ஒரு நீளமான சின்ன வெட்டு இருக்கும். மிதிக்கத் தொடங்கும்போது அதன் வழியாகப் பெட்ரோல் வர வேண்டும். ஐட்லிங் ஸ்க்ரூவை அதிகம் முடுக்கித் தட்டைத் தூக்கி வைத்திருந்தால், ஐட்லிங்கிலேயே அந்த வெட்டு திறந்துகொண்டு பெட்ரோல் கொட்டும். மிக்சர் ஸ்க்ரூவின் பேச்சை எஞ்சின் அப்புறம் கேட்காது.

அவ்வளவு முடுக்கினால்தான் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது என்றால், டைமிங் ரிடார்டாக இருக்கிறதா, எங்காவது காற்று கசிகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்து ஐட்லிங் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மிக்சர் ஸ்க்ரூவுக்கு உயிர் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் உயரத்தைத் தீர்மானிக்கும் மிதவையின் மட்டத்தைப் பாருங்கள். ஹோலி கம்பெனி வகை என்றால் பவர் வால்வின் (லோடில் கூடுதல் பெட்ரோல் விடும் வால்வின்) சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேக்ஃபயர் (கார்புரேட்டர் வழியாகத் தீ) அடித்த பழைய கார்புரேட்டர்களில் அது கிழிவதுண்டு.

காத்து கசியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீரை மெல்லிய தூவலாகக் கார்புரேட்டர் அடிப்பகுதியிலும் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் அடித்தாலே, கசிகிற இடத்தில் ஐட்லிங் மாறும். பிளக் வயரில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது கார்புரேட்டரின் அடிப்பாகமும் பழைய கேஸ்கெட்டும் பொருந்தாமல் போவதுதான் அதிகம். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கசிவு நிற்கட்டும் என்று பலமாக முடுக்கினால் அடித்தட்டு வளைந்து கசிவு கூடும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பாருங்கள்.

புது கார்புரேட்டர்தான், ஆனா பெட்ரோல் வழியுது.

பழைய டேங்க்கிலிருந்து வந்த துருத் துகள் ஊசி வால்வில் சிக்கியிருக்கலாம். ஃபில்டரை மாற்றுங்கள். அடுத்தது பம்ப் அழுத்தம். பல கார்புரேட்டர்கள் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும், சிலவற்றுக்கு 6-க்கு மேலேயே தகராறு. எலக்ட்ரிக் பம்ப் போட்டவர்கள் அழுத்தத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். மிதவை மட்டம் அதற்கு அடுத்தது. வழிகிறபோது எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

ஐட்லிங் அருமையா இருக்கு. மிதிச்சா மட்டும் ஒரு நொடி திக்கி அப்புறம் எடுக்குது.

எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் அசையுங்கள். அசைத்த அந்தக் கணமே பெட்ரோல் கோடாகப் பீய்ச்ச வேண்டும். லீவர் பாதி தூரம் போன பிறகு பீய்ச்சினால் பம்ப் லீவருக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள். பீய்ச்சல் சரியாக இருந்தும் திக்கினால் ஐட்லிங் டைமிங் குறைவாக இருக்கலாம், அல்லது வேக்குவம் அட்வான்ஸின் (ஹோஸில் வரும் வேக்குவத்தால் டைமிங்கை நகர்த்தும் பகுதியின்) டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கலாம். ஹோஸில் வாயால் உறிஞ்சிப் பிடித்தால் டயஃப்ரம் காற்றை விடாமல் நிற்க வேண்டும்.

எலக்ட்ரிக் சோக்குக்கு காயில்ல இருந்தே கரன்ட் எடுத்துக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பேலஸ்ட் உள்ள வண்டியில் சோக்குக்கும் குறைந்த வோல்ட்டேஜ் போகும், காயிலுக்கும் மிச்சம் குறையும். சாவியை ஆன் செய்தால் மட்டும் முழு 12 வோல்ட் வரும் வேறு முனையிலிருந்து எடுங்கள். சாவியை ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணாமல் விட்டுவைத்தால் சோக் தானாகத் திறந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சாவியை ஆஃப் பண்ணினாலும் எஞ்சின் தடதடன்னு கொஞ்ச நேரம் ஓடுது.

பெரும்பாலும் மிக்சர் ஸ்க்ரூ வேலை செய்யாத அதே காரணம்தான்: த்ராட்டில் தட்டு அதிகம் திறந்திருக்கிறது. அந்தப் பதிலில் சொன்னபடி ஐட்லிங்கைக் குறையுங்கள். குறைத்த பிறகும் ஓடினால் எஞ்சின் அதிகம் சூடாகிறதா, உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லோடோட மேடு ஏறும்போது 'கிணிகிணி'ன்னு தட்டுது. வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிட்டா சரியாகிடுமா?

முழுவதும் மிதித்து ஏறும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்போது வேக்குவம் அட்வான்ஸ் தானாகவே விலகியிருக்கும், ஹோஸைப் பிடுங்கிப் பயனில்லை. முழு மிதியில் தட்டினால் டைமிங்கை 2 டிகிரி குறைத்துப் பாருங்கள், 3000 ஆர்.பி.எம். மொத்த அட்வான்ஸையும் திரும்ப அளந்து பாருங்கள். லேசாக மிதித்துச் சமதளத்தில் போகும்போது தட்டினால்தான் வேக்குவம் அட்வான்ஸ் அதிகம். தட்டுதலைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். லோடு வண்டிக்கு இதைவிட வேகமாக எஞ்சினைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

மலை மேல இருக்கிற இடத்துல அதே செட்டிங் சரியா வருமா?

காற்று மெலிவதால் அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளையில்) பெட்ரோல் விகிதம் கூடிவிடும், பிளக் கருக்கும். நிரந்தரமாக அங்கேயே ஓட்டுவதானால் சின்ன ஜெட் போட வேண்டும். வேக்குவம் கேஜும் 1000 அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும், எஞ்சின் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் இதற்கு நேர்மாறு, பெட்ரோல் விகிதம் குறையும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அது அரிக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கார்புரேட்டர் மாத்தினதுல இருந்து கியர் மாறுறது ஒரு மாதிரியா இருக்கு. சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, கவனிக்காமல் விடக் கூடாத சம்பந்தம். ஜி.எம். 700ஆர்4 கியர்பாக்ஸில் கார்புரேட்டர் லீவரிலிருந்து போகும் கேபிள்தான் உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. புது கார்புரேட்டரின் லீவர் நீளமோ கேபிள் மாட்டும் இடமோ மாறினால், அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் எரிந்துவிடும். கியர்பாக்ஸே போய்விடும். இன்னொரு ஜி.எம். கியர்பாக்ஸான டர்போ 350-இல் அதே மாதிரி தெரியும் கேபிள் கிக்டவுனுக்கு (முழுவதும் மிதித்தால் கீழ் கியருக்கு மாறுவதற்கு) மட்டும்தான், அங்கே இவ்வளவு ஆபத்து இல்லை.

உங்கள் கார்புரேட்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்தும் பிராக்கெட்டை வாங்கி மாட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே பெடலை முழுவதும் மிதிக்க, நீங்கள் வெளியே பாருங்கள்: த்ராட்டில் தட்டு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், அதே நேரத்தில் கேபிளும் முழுவதும் இழுபட்டிருக்க வேண்டும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் தட்டைத் தயங்காமல் மூட வேண்டும். கேபிளைச் சரியாக வைக்கும்வரை அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்ட வேண்டாம்.